உதவித்தொகை வறுமையைக் குறைக்கிறது, ஏற்றத்தாழ்வு ஏன் அசைய மறுக்கிறது?

தென்னாப்பிரிக்க அரசு மாதம்தோறும் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உதவித்தொகைகளை வழங்குகிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஏழைக் குழந்தைகளை வளர்ப்போர் எனப் பலரும் இதில் அடக்கம். அந்த நாட்டின் மக்கள்தொகையோ 6 கோடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வேலையில்லாதவர்களுக்கு 2020இல் தொடங்கிய தனி உதவித்தொகையையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். வளரும் நாடுகளில் இவ்வளவு விரிந்த ஏற்பாடு அரிது. அதே தென்னாப்பிரிக்காதான் வருமான ஏற்றத்தாழ்வில் உலக வங்கியின் பட்டியலில் பல ஆண்டுகளாக உச்சியில் இருக்கிறது.

இந்த இரண்டு செய்தியையும் ஒன்றாகக் கேட்கும் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: "அப்படியானால் உதவித்தொகையால் பயனில்லை." அந்த முடிவு தவறு. அந்தத் தவறு பலருடைய வயிற்றில் அடிக்கக்கூடியது என்பதால்தான் இதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. வறுமை, ஏற்றத்தாழ்வு என்ற இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவை இரண்டு வேறு கேள்விகள், அவற்றுக்கு வேறு வேறு அளவுகோல்கள். ஒரே திட்டம் ஒன்றை வெகுவாக மாற்றி, மற்றொன்றைச் சிறிதளவு மட்டும் அசைக்க முடியும்.

இரண்டு கேள்விகள்

வறுமையை அளக்க முதலில் ஒரு கோடு போடுகிறார்கள். உணவு, உடை, இருப்பிடம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு இவ்வளவு பணமாவது வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். உலக அளவில் கொடிய வறுமைக்கு உலக வங்கி 2025 ஜூன் முதல் வைத்திருக்கும் கோடு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த டாலர் அது. நாடுகள் தங்களுக்கென்று தனிக் கோடுகளும் வைத்திருக்கின்றன.

ஏற்றத்தாழ்வின் கேள்வி வேறு. யார் கோட்டுக்குக் கீழே என்று அது பார்ப்பதில்லை. மொத்த வருமானம் யார் யாருக்கு எந்த விகிதத்தில் போகிறது என்று பார்க்கிறது. இதற்கு அதிகம் பயன்படுவது, இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912இல் முன்வைத்த ஜினி குறியீடு. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் அது 0. ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொண்டால் 1. நடைமுறையில் நாடுகள் பெரும்பாலும் 0.25க்கும் 0.65க்கும் இடையில் இருக்கின்றன.

வறுமைக்கான கேள்வி கீழே இருப்பவர்களை மட்டும் பார்க்கிறது. ஏற்றத்தாழ்வுக்கான கேள்வி கீழே இருந்து உச்சி வரை எல்லோரையும் பார்க்கிறது. உதவித்தொகையைப் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஐந்து வீடுகளை வைத்து ஒரு கணக்கு

ஐந்தே வீடுகள் உள்ள ஒரு நாட்டைக் கற்பனை செய்வோம். மாத வருமானம் முறையே 500, 800, 1,200, 3,500, 24,000. மொத்தம் 30,000. வறுமைக் கோடு 1,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வீடுகளும் கோட்டுக்குக் கீழே, அதாவது வறுமை விகிதம் 40 சதவீதம். மேலே இருக்கும் ஒரே வீட்டுக்கு மொத்த வருமானத்தில் 80 சதவீதம் போகிறது. ஜினி குறியீடு போட்டுப் பார்த்தால் சுமார் 0.66 வருகிறது.

இப்போது அரசு ஐந்தாவது வீட்டில் 1,200 வரி வாங்கி, முதல் இரண்டு வீடுகளுக்கும் தலா 600 கொடுக்கிறது. வருமானம் 1,100, 1,400, 1,200, 3,500, 22,800 என்று மாறுகிறது. வறுமை விகிதம் 40 சதவீதத்திலிருந்து சுழியத்துக்கு இறங்கிவிட்டது. உச்சி வீட்டின் பங்கு 80இலிருந்து 76 சதவீதமானது. ஜினி 0.66இலிருந்து 0.61. அதே பணம்தான், அதே திட்டம்தான். ஒரு அளவுகோலில் முழு வெற்றி, இன்னொன்றில் சின்ன நகர்வு.

காரணம் எளிது. கோட்டுக்குக் கீழே விழுந்திருக்கும் பள்ளத்தை நிரப்ப, மொத்த வருமானத்தில் ஒரு சிறு பகுதியே போதும். இந்தக் கணக்கில் 4 சதவீதம். ஆனால் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. அதில் இந்த 4 சதவீதம் எம்மாத்திரம்?

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். தலா 600க்குப் பதில் 150 மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வீடு 650, இரண்டாவது வீடு 950. இரண்டும் இன்னும் கோட்டுக்குக் கீழேதான். வறுமை விகிதம் 40 சதவீதத்திலேயே நிற்கிறது. "திட்டத்தால் வறுமை குறையவே இல்லை" என்று ஒருவர் அறிக்கை எழுதலாம், எண்ணும் அதற்கு ஒத்துப்போகும். ஆனால் கோட்டைத் தொட இந்த இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து முன்பு 700 தேவைப்பட்டது, இப்போது 400 போதும். வறுமையின் ஆழம் பாதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. 500இல் வாழும் வீட்டுக்கு 150 என்பது கூடுதலாகச் சில நாள் சாப்பாடு. தலைகளை மட்டும் எண்ணும் அளவுகோலுக்கு அது கண்ணில் படாது. அதனால்தான் பொருளியலாளர்கள் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் மூவரும் 1984இல் வறுமையின் ஆழத்தையும் சேர்த்து அளக்கும் முறையைக் கொடுத்தார்கள். ஒரு திட்டத்தைப் பற்றிய எண் உங்கள் கையில் வந்தால் முதலில் கேட்க வேண்டியது: இது தலைக்கணக்கா, ஆழக்கணக்கா?

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவோம்

அங்கே முதியோர் ஓய்வூதியம் 1928இல் தொடங்கியது. அப்போது அது கறுப்பின மக்களுக்கும் இந்தியர்களுக்கும் கிடையாது. 1944இல் அவர்களுக்கும் நீட்டினார்கள். தொகையோ இனத்துக்கு ஏற்ப மாறியது. வெள்ளையருக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் கறுப்பினத்தவர்கள் வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே தொகை என்பது 1993இல்தான் வந்தது. குழந்தைகளின் கதை இன்னும் கொடுமை. கணவரின் ஆதரவில்லாத தாய்மார்களுக்கென்று இருந்த பழைய உதவித்தொகை கறுப்பினப் பெண்களை ஏறக்குறைய எட்டவே இல்லை. சமூகக் கொள்கை ஆய்வாளர் பிரான்சி லண்ட் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1998இல் குழந்தை ஆதரவு உதவித்தொகை தொடங்கியது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 100 ராண்ட் (ராண்ட் அந்நாட்டு நாணயம்). பணம் பெற்றோரின் பெயரில்தான் வர வேண்டும் என்றில்லை, குழந்தையை உண்மையில் யார் வளர்க்கிறாரோ அவர் கைக்குப் போனது. அப்பா சுரங்கத்திலும் அம்மா நகரத்து வீட்டு வேலையிலும் இருக்க, பாட்டியிடம் வளரும் குழந்தைகள் நிறைந்த நாட்டில் இது மிகச் சரியான முடிவு. பின்னர் வயது வரம்பு படிப்படியாக 18 வரை உயர்ந்தது. இன்று 1 கோடியே 30 லட்சம் அளவுக்குக் குழந்தைகள் இதன் கீழ் வருகிறார்கள்.

இதையெல்லாம் கொடுப்பது ஆளுங்கட்சியின் தயவு என்று அங்கே கருதுவதில்லை. தங்களையும் தம்மை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்ற முடியாதவர்களுக்குச் சமூக உதவி பெறும் உரிமை உண்டு என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

சரி, இதனால் ஜினி என்ன ஆனது? 2010–11 தரவை வைத்து உலக வங்கி ஒரு விரிவான கணக்குப் போட்டது. வரி வாங்குவதற்கும் உதவி கொடுப்பதற்கும் முன்னால், சந்தையில் கிடைக்கும் வருமானத்தை மட்டும் பார்த்தால் ஜினி சுமார் 0.77. வருமான வரி போன்ற நேர்முக வரிகளையும் உதவித்தொகைகளையும் கணக்கில் சேர்த்ததும் அது 0.69 அளவுக்கு வந்தது. இலவசப் பள்ளி, அரசு மருத்துவமனை போன்ற சேவைகளின் மதிப்பையும் சேர்த்தால் 0.60. ஒரே நாட்டில் அரசின் நிதிக் கொள்கையால் மட்டும் இவ்வளவு இறக்கம் என்பது உண்மையில் பெரிய சாதனை. ஆனால் தொடங்கிய இடமே 0.77. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்து சேர்ந்த 0.60 கூட, பல நாடுகள் எந்தத் திட்டமும் இல்லாமல் தொடங்கும் இடத்தைவிட மேலே இருக்கிறது.

"உதவித்தொகை கொடுத்தும் ஏற்றத்தாழ்வு போகவில்லை" என்பவர்கள் பார்க்கத் தவறுவது இந்த 0.77ஐத்தான். அது உதவித்தொகையின் விளைவு இல்லை. நிலத்தைப் பறித்ததும், ஒரு சாராருக்குத் தரமான கல்வியைத் தலைமுறை தலைமுறையாக மறுத்ததும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிற்கும் வேலையின்மையும் சேர்ந்து உருவாக்கிய எண் அது. அங்கே செல்வத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் மேல்தட்டுப் பத்து சதவீதத்தினரிடம் இருக்கிறது. மாதாமாதம் வரும் சில நூறு ராண்ட் ஒரு குடும்பத்தின் செலவைத் தாங்கிப்பிடிக்கும். அது நிலமாகவோ பங்குச் சொத்தாகவோ மாறிவிடாது.

பணம் வீட்டுக்குள் வந்த பிறகு

புள்ளிவிவரத்தில் ஒரு வீடு என்பது ஒரு வரி. அந்த வீட்டுக்குள் யார் கையில் பணம் வருகிறது என்பது வேறு கதை. எஸ்தர் டுஃப்ளோ, பின்னாளில் 2019இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், தென்னாப்பிரிக்க முதியோர் ஓய்வூதியம் 1990களின் தொடக்கத்தில் விரிவானபோது அந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் பார்த்தார். பாட்டிக்கு ஓய்வூதியம் வந்த வீடுகளில் பேத்திகளின் உயரத்துக்கேற்ற எடை தெளிவாக முன்னேறியிருந்தது. தாத்தாவுக்கு வந்த வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. பணம் ஒன்றுதான், அரசு ஒன்றுதான். முதியவருக்கென்று கொடுத்த பணம் பாட்டியின் கை வழியாகப் பேத்தியின் தட்டுக்குப் போயிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் ஒரு முதியவருக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கியதும், அந்த வீட்டின் உழைக்கும் வயதினர் வேலை தேடி வெளியூர் போவது கூடியது. யோசித்தால் புரியும். வெளியூர் போய் வேலை தேட முதலில் பயணச் செலவுக்குப் பணம் வேண்டும். முதல் சம்பளம் வரும்வரை தங்கிச் சாப்பிட வேண்டும். விட்டுப்போகும் குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் சாப்பாடு வேண்டும். பாட்டியின் ஓய்வூதியம் இந்த எல்லாவற்றுக்கும் முட்டுக் கொடுத்தது.

"சும்மா பணம் கொடுத்தால் யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள்" என்ற பேச்சு எந்த நாட்டிலும் உண்டு. ஏழைகளைச் சோம்பேறிகள் என்று சந்தேகிப்பது எளிது, அதனால் அதைச் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிடுகிறோம். பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் வேறு மூவரும் சேர்ந்து, ஆறு வளரும் நாடுகளில் அரசுகள் நடத்திய ஏழு பண உதவித் திட்டங்களின் சோதனைத் தரவுகளை ஒன்றாக வைத்து 2017இல் ஆராய்ந்தார்கள். பணம் பெற்றவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டதற்கு முறையான சான்று எதுவும் கிடைக்கவில்லை. மது, புகையிலைக்குப் பணம் போய்விடும் என்ற அச்சத்தையும் பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிச் சோதித்திருக்கிறார்கள். அப்படிக் கூடவில்லை என்பதே முடிவு.

யாருக்குக் கொடுப்பது?

ஐந்து வீட்டுக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? உதவிக்குப் பிறகு இரண்டாவது வீட்டுக்கு 1,400 ஆனது. மூன்றாவது வீடு 1,200இலேயே நின்றது. நேற்றுவரை தன்னைவிடக் கீழே இருந்தவர் இன்று தன்னைத் தாண்டிவிட்டார். மூன்றாவது வீட்டுக்காரர் இதை எப்படி எடுத்துக்கொள்வார்? கோட்டுக்குச் சற்று மேலே, தானும் கஷ்டத்தில் இருந்துகொண்டு, எதுவும் கிடைக்காதவரின் மனக்கசப்புதான் இத்தகைய திட்டங்களுக்கு எதிராகக் கிளம்பும் அரசியலுக்குத் தீனி.

ஏழைகளுக்கு மட்டும் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்ற பழைய சண்டை இதிலிருந்துதான் வருகிறது. ஏழைகளுக்கு மட்டும் என்றால் செலவு குறையும், கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் தேவைப்படும் இடத்துக்குப் போகும் என்பது வாதம். காகிதத்தில் அது சரி. ஆனால் ஏழை யார் என்று கண்டுபிடிக்கவேண்டுமே. வளரும் நாடுகளில் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வீட்டின் கூரை எதனால் ஆனது, குளிர்பதனப் பெட்டி உண்டா, எத்தனை பேர் படித்தவர்கள் என்றெல்லாம் கேட்டு வருமானத்தை ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் பலமுறை தவறுகிறது. கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைப்பது ஒரு பிழை. கிடைக்க வேண்டியவர் விடுபட்டுப்போவது இன்னொரு பிழை. செய்திகளில் முதல் பிழையைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். என் பார்வையில் இரண்டாவது பிழையே கொடியது, ஏனென்றால் அதில் அடிபடுபவர் ஏற்கெனவே எழ முடியாத நிலையில் இருப்பவர்.

விடுபடுவது எப்படி நடக்கிறது? குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. தாயின் அடையாள அட்டையில் பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. விரல்ரேகை தேய்ந்துபோய் இயந்திரம் ஏற்க மறுக்கிறது. அலுவலகம் இரண்டு பேருந்து தொலைவில் இருக்கிறது, போய்வர ஆகும் செலவு அந்த வாரச் சாப்பாட்டுக் காசு. பணம் கணக்குக்கு வந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகையைப் பட்டுவாடா செய்யும் வேலையைத் தனியார் ஒப்பந்ததாரரிடம் கொடுத்திருந்த காலத்தில், கடன் தவணை, காப்பீடு, கைப்பேசிப் பேச்சுநேரம் என்ற பெயர்களில் பயனாளிகளின் கணக்கிலிருந்து பணம் கழிந்துகொண்டே இருந்தது. விவகாரம் 2017இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. பயனாளிகளின் விவரங்களை வேறு வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்புடன் சொல்ல வேண்டியிருந்தது.

சுவீடனைச் சேர்ந்த வால்டர் கோர்பி, யோவாகிம் பால்மே என்ற இரு சமூகவியலாளர்கள் 1998இல் இன்னொரு கோணத்தைக் காட்டினார்கள். பணக்கார நாடுகளை ஒப்பிட்டபோது, ஏழைகளுக்கு மட்டும் என்று குறிவைத்த நாடுகளைவிட, நடுத்தர வர்க்கத்தையும் சேர்த்துக்கொண்ட நாடுகளே ஏற்றத்தாழ்வை அதிகம் குறைத்திருந்தன. தனக்கும் பங்கு இருக்கும்போது நடுத்தர வர்க்கம் வரி கட்டச் சம்மதிக்கிறது, திட்டம் பெரிதாகிறது. ஏழைக்கு மட்டுமான திட்டத்துக்குத் துணை நிற்க ஆள் குறைவு, நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான். பின்னர் வந்த ஆய்வுகள் இந்த உறவு எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை என்று விவாதித்தன. ஆனாலும் குறி எவ்வளவு துல்லியம் என்பதோடு மொத்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

ஐந்தாவது வீட்டில் வரி வாங்கி முதல் இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தோம். உண்மையில் எல்லா அரசுகளும் அப்படிச் செய்வதில்லை. வருமான வரி வசூலிக்கச் சிரமப்படும் நாடுகள் பொருள்கள் மீதான வரியை நம்பியிருக்கின்றன. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஏழையும் அந்த வரியைக் கட்டுகிறார். சம்பாதிப்பது முழுவதையும் செலவழிப்பவர் ஏழை. அதனால் வருமானத்தின் விகிதமாகப் பார்த்தால் அவர் கட்டுவது பணக்காரரைவிட அதிகமாகக்கூட இருக்கும். வலது கையில் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொள்வது போல, உதவித்தொகையின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. பொருளியலாளர் நோரா லுஸ்டிக் தலைமையில் பல நாடுகளுக்கு நடந்த கணக்கீடுகளில், மறைமுக வரியையும் உதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் சில ஏழை நாடுகளில் அரசின் தலையீட்டுக்குப் பிறகு ஏழைகளின் எண்ணிக்கை கூடியே இருப்பது தெரியவந்தது. ஜினி சற்றுக் குறைந்திருக்கும், ஏழையின் கைப்பணமோ குறைந்துதான் இருக்கும். தென்னாப்பிரிக்கா 2018இல் மதிப்புக்கூட்டு வரியை 14இலிருந்து 15 சதவீதமாக்கியபோது எழுந்த எதிர்ப்பின் மையம் இதுதான். சில அடிப்படை உணவுப் பொருள்களுக்கு அங்கே வரி கிடையாது என்பது ஓரளவு ஆறுதல்.

ஆக, உதவித்தொகையைத் தனியாக எடுத்து வைத்து எடை போட முடியாது. யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுத்தார்கள் என்று இரண்டு பக்கத்தையும் பார்த்தால்தான் ஏற்றத்தாழ்வு கணக்கு முழுமையாகும்.

பிரேசில் காட்டிய பாதை

பிரேசிலில் லூலா அரசு 2003 அக்டோபரில் போல்சா ஃபமிலியா திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே மெக்சிகோ 1997இல் ப்ரோக்ரெஸா திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு தாய்மார்களின் கையில் பணம் கொடுப்பது இரண்டுக்கும் பொது. மெக்சிகோ 506 கிராமங்களைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பின்னரும் பணம் கொடுத்தது. அதனால் விளைவை நேர்மையாக ஒப்பிட முடிந்தது. இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை என்று வைத்தார்கள், அந்த வகுப்புகளில் மாணவிகள் சேர்வது கூடியது.

போல்சா ஃபமிலியா உச்சத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் குடும்பங்களை எட்டியது. ஆன செலவு, நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதம் அளவுதான். கொடிய வறுமை வேகமாகக் குறைந்தது. ஏற்றத்தாழ்வும் அந்தக் காலத்தில் இறங்கியது: 2001இல் 0.59 அளவில் இருந்த ஜினி 2014இல் 0.52க்கு அருகே வந்தது. இதைப் பார்த்துப் பலர் முழுப் பெருமையையும் போல்சா ஃபமிலியாவுக்கே கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, அந்த இறக்கத்தில் அத்திட்டத்தின் பங்கு பத்து முதல் பதினைந்து சதவீதம் அளவில்தான் இருந்தது. பெரும்பங்கு தொழிலாளர் சந்தையுடையது. குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது, அதோடு இணைக்கப்பட்ட ஓய்வூதியங்களும் உயர்ந்தன, பதிவு செய்த வேலைகள் பெருகின, கல்வி பரவியதால் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான சம்பள வித்தியாசம் சுருங்கியது.

அரை சதவீதச் செலவில் பத்து சதவீதத்துக்கும் மேல் பங்களித்தது என்று பார்த்தால் போல்சா ஃபமிலியா மிகச் சிக்கனமான திட்டம். ஆனால் ஏற்றத்தாழ்வை அடியோடு மாற்ற வேண்டுமானால் வேலை, கூலி, கல்வி, சொத்து ஆகியவை மாற வேண்டும் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு வாய்க்காமல் போனது இதுதான்: உதவித்தொகை விரிந்தது, வேலை விரியவில்லை.

தொகை தேய்ந்துகொண்டே போகும்

திட்டம் தொடங்கும் நாளில் வரும் செய்திகளோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விலைவாசி ஏற ஏற, தொகை அப்படியே நின்றால், ஒவ்வோர் ஆண்டும் யாரும் அறிவிக்காமலே ஒரு வெட்டு விழுகிறது. இந்தியாவில் 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2000களின் நடுப்பகுதியில் மாதம் 200 ரூபாய் ஆனது. அதன் பிறகு அது உயரவில்லை. மாநிலங்கள் மேலே போட்டுக் கொடுப்பதால்தான் அது ஓரளவாவது தாக்குப்பிடிக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் முதியோருக்கும் குழந்தைகளுக்குமான தொகைகளை ஆண்டுதோறும் உயர்த்துகிறார்கள், ஆனாலும் போதவில்லை. ஒருவர் உயிர்வாழத் தேவையான உணவை மட்டும் வாங்க மாதம் 796 ராண்ட் வேண்டும் என்பது 2024இல் அந்நாட்டுப் புள்ளியியல் துறையின் கணக்கு. அதே ஆண்டு குழந்தைக்கான உதவித்தொகை 530 ராண்ட், வேலையில்லாதோருக்கானது 370 ராண்ட். முதியோர் ஓய்வூதியம் 2,180 ராண்ட். முதியவர் ஒருவர் இருக்கும் வீடு தட்டுத்தடுமாறியாவது கோட்டைத் தாண்டும். குழந்தைக்கான தொகையை மட்டும் நம்பியிருக்கும் இளம் தாயின் வீடு, தொகை வந்த பிறகும் உணவுக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். இப்படிப்பட்ட வீட்டைக் காட்டி "உதவித்தொகை தோற்றுவிட்டது" என்று சொல்வது நியாயமில்லை. போதுமான அளவு கொடுக்கவே இல்லை என்பதே உண்மை.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரு திட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய, அது நின்றுபோன நேரத்தைப் பார்ப்பதும் ஒரு வழி. அமெரிக்கா 2021இல் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை விரித்து, ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம்தோறும் ஒரு குழந்தைக்கு 250 அல்லது 300 டாலரைப் பெற்றோரின் கணக்கில் நேரடியாகப் போட்டது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத குடும்பங்களுக்கும் கிடைத்தது. அரசு உதவிகளையும் சேர்த்து அளக்கும் முறையில் அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதம். அந்த முறையில் கணக்கிடத் தொடங்கிய பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. நாடாளுமன்றம் அந்த விரிவாக்கத்தை நீட்டிக்கவில்லை. 2022இல் அதே விகிதம் 12.4 சதவீதம். ஓராண்டில் இரு மடங்குக்கும் மேல்.

அந்த ஓராண்டில் ஏற்றத்தாழ்வு எப்படி நகர்ந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. வரிக்கும் வரிச்சலுகைக்கும் முந்தைய வருமானத்தை மட்டும் பார்த்தால் 2021க்கும் 2022க்கும் இடையில் அமெரிக்காவின் ஜினி குறியீடு 1.2 சதவீதம் இறங்கியது. சந்தை கீழ்மட்டத்தினருக்குக் கொஞ்சம் சாதகமாக இருந்த ஆண்டு அது. வரியையும் சலுகைகளையும் சேர்த்துப் பார்த்தால் அதே ஓராண்டில் ஜினி 3.2 சதவீதம் ஏறியது. விரித்த வரிச்சலுகையும் பெருந்தொற்றுக் கால நிவாரணத் தொகையும் ஒன்றாக நின்றுபோனதே அதற்குப் பெரிய காரணம்.